மறுபடியும் ஏன் ஓட வேண்டும்?

அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக ஓடப்போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பாராட்டுவார்கள். சிலர் நன்கொடையும் தருவார்கள். ஆனால், யாராவது ஒருவர் கட்டாயம் இப்படிக் கேட்பார்: "பணம் கொடுக்க வேண்டுமென்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே! அதற்கு எதற்கு மூச்சு வாங்க ஓட வேண்டும்?"

என்னிடம் அப்படிக் கேட்டவர் என் மாமா. அவர் அதோடு விடவில்லை. இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, 2016ஆம் ஆண்டு, அங்கு நடைபெறும் ஓர் அரை நெட்டோட்டத்தில் ஓடினேன். பிறகு சிங்கப்பூருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்துவிட்டேன். 2022ஆம் ஆண்டு விடுமுறையில் அந்த ஊருக்குச் சென்று அதே ஓட்டத்தில் மீண்டும் ஓடப்போவதாக மாமாவிடம் சொன்னேன். "ஒருமுறை ஓடியாயிற்று. பதக்கமும் வாங்கியாயிற்று. மறுபடியும் ஏன்டா? அந்த விமானச் சீட்டுக் காசை அப்படியே அனுப்பி வைத்தால் நோயாளிகளுக்காவது உதவுமே!" என்றார்.

மாமாவின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஓடுவதற்காக மட்டும் விமானம் ஏறுங்கள் என்று நானும் யாருக்கும் சொல்லமாட்டேன். நான் போனது பழைய நண்பர்களையும், முன்பு தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான பாட்டியையும் பார்க்க. ஓட்டம் நடைபெறும் வாரத்தில் போய்ச் சேரும்படி விடுமுறை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஆகவே, பயணச் செலவை ஒதுக்கி வைத்துவிடலாம். 'மறுபடியும் ஏன்?' என்று மாமா கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அறப்பணி ஓட்டத்தில் ஒருவர் முதல் முறை ஓடுவதைவிட, திரும்பி வந்து ஓடுவதில்தான் கூடுதல் பயன் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அந்த ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கிரேட் நார்த் ரன். பிரெண்டன் ஃபாஸ்டர் என்பவர் 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றவர். அவர் 1979ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், வல்லவர் வல்லாதவர் என்ற வேறுபாடு இல்லாமல் ஊர்மக்கள் எல்லாரும் சேர்ந்து ஓடிய ஓர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். நம் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1981ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி நியூகாசலில் முதல் ஓட்டம் நடந்தது. உள்ளூர்க்காரர்களுக்கான ஓட்டம் என்றுதான் அறிவித்தார்கள். ஆனால், ஏறத்தாழ 12,000 பேர் வந்துவிட்டார்கள்! இன்று அது உலகின் மிகப் பெரிய அரை நெட்டோட்டங்களில் ஒன்று. வழக்கமாகச் செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெறும்.

அரை நெட்டோட்டம் என்பது 21.0975 கிலோமீட்டர். பள்ளியில் உடற்திறன் தேர்வுக்காக ஓடும் 2.4 கிலோமீட்டர் உங்களுக்கு நினைவிருக்கும். அதை ஒரே மூச்சில் ஏறக்குறைய ஒன்பது முறை ஓடுவதற்கு இது சமம்.

நியூகாசல் நகரின் நடுவே செல்லும் விரைவுச்சாலையை அன்று வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். சாலை பாலங்களுக்கு அடியில் நுழையும்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கூச்சலிடுவார்கள். அது சுவரில் மோதித் திரும்பி வந்து நம் நெஞ்சுக்குள் அதிரும். சுமார் இரண்டு கிலோமீட்டரில் டைன் பாலம் வரும். 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, பச்சை வண்ணம் பூசிய அந்த எஃகுப் பாலம்தான் ஊரின் அடையாளம். ஆற்றைத் தாண்டியதும் கேட்ஸ்ஹெட். பிறகு நீண்ட நெடுஞ்சாலை. முக்கால் பங்கு தூரம் முடிந்து கால்கள் கெஞ்சத் தொடங்கும் நேரத்தில் ஒரு மேடு வரும். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும்; ஏறத் தொடங்கினால் முடியவே முடியாது. அதைக் கடந்தால் திடீரென்று ஒரு சரிவு, கண்முன்னே கடல். அங்கிருந்து சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையை ஒட்டிய கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர்.

அங்கு ஓடுபவர்களில் பெரும்பாலோர் வெற்றி பெறுவதற்காக ஓடுவதில்லை. 2016ஆம் ஆண்டு முதலாவதாக வந்தவர் மோ ஃபரா. 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றவர் அவர். அவர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து ஓட்டத்தை முடித்துவிட்டார். அந்த நேரத்தில் நான் பாதி வழியைக்கூடத் தாண்டவில்லை. என்னோடு ஓடியவர்களின் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பலருடைய முதுகில் ஒரு புகைப்படம் இருந்தது. அதன் கீழே 'அம்மாவுக்காக', 'என் தம்பிக்காக' என்று எழுதியிருந்தது. மாறுவேடத்தில் ஓடுபவர்களும் உண்டு. முதுகில் குளிர்பதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியவர்கூட அந்த ஓட்டத்தின் வரலாற்றில் இருக்கிறார். எதற்காக அப்படிச் செய்தார் என்று கேட்டால், புற்றுநோய் சார்ந்த அறப்பணிக்காக என்பதே பதில்.

நான் ஓடியது ஓர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்துக்காக. குணப்படுத்த முடியாத நோயால் அவதிப்படுபவர்கள் தங்கள் கடைசி மாதங்களை வலியின்றி, மரியாதையோடு கழிக்க உதவும் இல்லம் அது. இத்தகைய பராமரிப்புக்கு முன்னோடி சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர். அவர் 1967ஆம் ஆண்டு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். பிறகு பல நாடுகளில் அது பரவியது. சிங்கப்பூரிலும் டோவர் பார்க், அசிசி போன்ற இல்லங்கள் இருக்கின்றன. வீட்டுக்கே வந்து கவனித்துக்கொள்ளும் தாதியரும் இருக்கிறார்கள்.

நான் நியூகாசலில் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. அந்த ஊரில் வயதானவர்கள் இளையவர்களை 'பெட்' என்று அன்போடு அழைப்பார்கள். நம் ஊரில் 'கண்ணு' என்று சொல்வதுபோல. அவருடைய கணவர் கடைசி ஐந்து வாரங்களை அப்படி ஓர் இல்லத்தில்தான் கழித்தார். பாட்டி அதைப் பற்றி அடிக்கடி பேசுவார். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார். இரவில் விழித்துக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தாதியைப் பற்றிச் சொல்வார். எல்லாம் சொல்லிவிட்டு, "கடைசிவரை எங்களுக்கு ஒரு ரசீதுகூட வரவில்லை, பெட்" என்பார்.

அது எப்படி முடிகிறது? பிரிட்டனில் இந்த இல்லங்கள் நோயாளிகளிடம் பணம் வாங்குவதில்லை. பெரியவர்களைப் பராமரிக்கும் இல்லங்களின் வருமானத்தில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுதான் அரசாங்கத்திடமிருந்து வருகிறது. எஞ்சியதை நன்கொடை, உயில் வழியாக வரும் பணம், பழைய பொருள்களை விற்கும் கடைகள், இதுபோன்ற ஓட்டங்கள் ஆகியவற்றிலிருந்துதான் அவர்கள் திரட்ட வேண்டும். தாதியரின் சம்பளம் மாதந்தோறும் கொடுக்கப்பட வேண்டியது. வலியைத் தணிக்கும் மருந்து நாள்தோறும் வாங்க வேண்டியது. ஒருமுறை பெருந்தொகை வந்து, அடுத்த ஆண்டு எதுவும் வராமல் போனால் அந்த இல்லத்தால் ஒரு தாதியைக்கூட நம்பிக்கையோடு வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது.

2020ஆம் ஆண்டு இது எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. கொவிட்-19 காரணமாக கிரேட் நார்த் ரன் நடைபெறவில்லை. நாடு முழுவதும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் நின்றன; அறக்கடைகள் மூடப்பட்டன. நோயாளிகளோ வழக்கம்போல் இருந்தார்கள். இல்லங்கள் தடுமாறியதால் அரசாங்கம் 200 மில்லியன் பவுண்டு வரை ஒதுக்குவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் வந்து ஓடியவர்கள் எவ்வளவு பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் ஓடாதபோதுதான் தெரிந்தது.

2014ஆம் ஆண்டு இந்த ஓட்டத்தின் பத்து இலட்சமாவது நபர் எல்லைக்கோட்டைக் கடந்தார். பத்து இலட்சம் என்ற எண்ணைக் கேட்டதும் பத்து இலட்சம் வெவ்வேறு மனிதர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. 1981 முதல் ஓர் ஆண்டுகூட விடாமல் ஓடியவர்களும் அங்கு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதக்கம் மாட்டி வைக்கச் சுவரில் இடம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இனி, பணம் எப்படித் திரள்கிறது என்பதைப் பார்ப்போம். இந்த ஓட்டத்தில் சேர விரும்புபவர்கள் மிகப் பலர். குலுக்கலில் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. அறநிறுவனங்கள் சில இடங்களைக் கட்டணம் செலுத்தி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். குறைந்தது இவ்வளவு தொகை திரட்டித் தருகிறேன் என்று வாக்களிப்பவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கும். வாக்குக் கொடுத்தவர் உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். அங்கு வரி செலுத்தும் ஒருவர் ஒரு பவுண்டு கொடுத்தால், அறநிறுவனம் அரசாங்கத்திடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இதற்கு வேறு வழி உண்டு. தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு இப்போது 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கிறது. நூறு வெள்ளி கொடுத்தவருடைய வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறைத்துக் கணக்கிடப்படும்.

ஓடுவதைவிடக் கேட்பதுதான் கடினம். இதை அனுபவித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். உங்களில் பலர் கொடிநாளன்று உண்டியல் குலுக்கியிருப்பீர்கள். எம்ஆர்டி நிலைய வாசலில் நிற்கும்போது, எதிரில் வருபவர் திடீரென்று கைத்தொலைபேசியைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குவாரே, அந்த நிலைதான் எனக்கும். 2016ஆம் ஆண்டு நான் கேட்டபோது பலர் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? என்மீது இருந்த அன்பால் கொடுத்தார்கள். "நீ 21 கிலோமீட்டர் ஓடுவாயா? பார்க்கலாம்!" என்று வேடிக்கையாகக் கொடுத்தவர்களும் உண்டு. இல்லத்தின் பெயரைக் கேட்டவர்கள் மிகச் சிலர். என் கவனமும் ஓட்டத்தை முடிக்க முடியுமா என்பதில்தான் இருந்தது. முதல் முறை ஓடும் யாருக்கும் அது இயல்புதான்.

2022ஆம் ஆண்டு அதே மனிதர்களிடம் மீண்டும் போனேன். வேடிக்கை பழசாகிவிட்டது. என்னால் ஓட முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகையால், இம்முறை கேள்விகள் மாறின. "அந்த இல்லத்தில் என்ன செய்வார்கள்?", "ஏன் அரசாங்கமே முழுச் செலவையும் ஏற்பதில்லை?", "நம் ஊரில் இப்படி இருக்கிறதா?" என்றெல்லாம் கேட்டார்கள். உடன் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் முதல் முறை சிரித்துக்கொண்டே பத்து வெள்ளி கொடுத்தவர். இந்த இடைப்பட்ட காலத்தில் அவருடைய தந்தை புற்றுநோயால் இறந்துபோயிருந்தார். அவர் வெகுநேரம் என்னோடு பேசினார். தந்தையைக் கவனித்துக்கொள்ள வீட்டுக்கு வந்த தாதியைப் பற்றிச் சொன்னார். சில மாதங்கள் கழித்து அவர் சிங்கப்பூரில் ஓர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் தொண்டூழியராகச் சேர்ந்தார். வாரம் ஒருமுறை அங்குப் போய் நோயாளிகளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறார். தமிழ் பேசும் முதியவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருக்கிறார்.

மாமா சொன்னபடி பயணச்சீட்டுக் காசை மட்டும் அனுப்பியிருந்தால், அது ஒருவருடைய பணமாக ஒருமுறை போய்ச் சேர்ந்திருக்கும். அந்தப் பெண்மணியோடு நான் பேசியிருக்கவே மாட்டேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓட்டச் சட்டை, பதக்கம், சமூக ஊடகத்தில் புகைப்படம் என்று இவ்வளவு ஆரவாரத்தோடு செய்வது தருமமா என்று கேட்பவர்கள் உண்டு. கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குத் தம் பெயரைப் பெரிதாக எழுதி வைப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம் அல்லவா? ஓட்டக்காரரும் அப்படித்தானா?

சிலர் அப்படித்தான். அதை மறுக்க முடியாது. ஆனால், தன் பணத்தைக் கொடுப்பதும் பிறரிடம் நிதி திரட்டுவதும் ஒன்றல்ல. தன் பணத்தைக் கொடுப்பவர் இரகசியமாகக் கொடுக்கலாம், அது அழகு. திரட்டுபவர் இரகசியமாகத் திரட்ட முடியாது. பத்துப் பேருக்குத் தெரிந்தால்தான் பத்துப் பேர் கொடுப்பார்கள். அவர் பெருமைக்காக ஓடுகிறாரா, பிறருக்காக ஓடுகிறாரா என்பதை முதல் ஆண்டில் கண்டுபிடிப்பது கடினம். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு பார்த்தால் தெரிந்துவிடும். புகைப்படத்துக்கு விருப்பக்குறி போடுபவர்கள் குறைந்துபோன பிறகும் ஒருவர் காலை ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி செய்தால், அவரை நம்பலாம்.

செலவைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே. சட்டை, பதக்கம், கூடாரம், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நீங்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் முழுவதும் அறப்பணிக்குப் போகிறது என்று எண்ணிவிடாதீர்கள். பல ஓட்டங்களில் கட்டணம் ஏற்பாட்டுச் செலவுக்கே போய்விடும். தனியாகத் திரட்டும் நன்கொடைதான் அறநிறுவனத்தைச் சேரும். சிங்கப்பூரில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. அறநிறுவனம் ஒன்று ஓராண்டில் நிதி திரட்டுவதற்காகச் செய்யும் செலவு, அப்படித் திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நல்ல விதி. ஓடுவதற்குப் பெயர் கொடுக்கும் முன், என் பணத்தில் எவ்வளவு யாருக்குப் போகிறது என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரின் ஓட்டத்தில் ஓட வேண்டியதில்லை.

திரும்பி வருபவருக்கு உடலைப் பற்றிய அறிவும் கூடுகிறது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு இதே கிரேட் நார்த் ரன்னில் ஓடிய நான்கு பேர் உயிரிழந்தனர். நல்ல காரியத்துக்காக ஓடுகிறோம் என்பதற்காக நம் இதயம் நமக்குச் சலுகை காட்டாது. நான் இரண்டு முறையும் பல மாதங்கள் பயிற்சி செய்தேன். முதல் முறை நியூகாசலின் குளிர்ந்த பூங்காவில்; இரண்டாம் முறை நம் ஊர்ப் பூங்கா இணைப்புப் பாதைகளில், விடியும் முன்பே. சிங்கப்பூரின் வெப்பமும் ஈரப்பதமும் வேறு. வியர்வை காயாது, உடல் சூடு தணியாது. அதனால்தான் இங்கு நெடுந்தொலைவு ஓட்டங்கள் பெரும்பாலும் இருட்டிலேயே தொடங்குகின்றன. வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். உடம்பு சரியில்லாத நாளில் வீட்டிலேயே இருந்தேன். நிதி கொடுத்தவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காகக் காய்ச்சலோடு ஓடுவது வீரமும் இல்லை, தருமமும் இல்லை. அவர்கள் கொடுத்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

2022ஆம் ஆண்டு ஓட்டம் செப்டம்பர் 11ஆம் தேதி நடந்தது. எலிசபெத் அரசியார் மறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கொண்டாட்டங்களைக் குறைத்துக்கொண்டார்கள், அஞ்சலி செலுத்திய பிறகே ஓட்டம் தொடங்கியது. அந்த ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் இருந்தது. முந்தைய ஆண்டு பெருந்தொற்றுச் சூழலால் பாதையை மாற்றி, நியூகாசலிலேயே தொடங்கி நியூகாசலிலேயே முடித்திருந்தார்கள். 2022இல்தான் ஓட்டம் மறுபடியும் கடலை நோக்கிச் சென்றது.

அதாவது, அன்று நான் மட்டும் திரும்பி வரவில்லை. சாலையோரத்து மக்களும் மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருந்தார்கள். இந்த ஓட்டத்தில் நான் மிகவும் மதிப்பது அவர்களைத்தான். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆரஞ்சுப் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து நீட்டுவார்கள். குழந்தைகள் மிட்டாயும் குச்சி ஐஸும் கொடுப்பார்கள். யாரும் அவர்களை ஏற்பாடு செய்யவில்லை. அவர்களுக்குப் பதக்கமும் இல்லை. சட்டையில் இருக்கும் எண்ணுக்கு மேலே நம் பெயர் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பெயர் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். என் தமிழ்ப் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தார்கள். மேட்டில் ஏறும்போது எந்த உச்சரிப்பும் இனிமையாகத்தான் இருந்தது.

பாட்டி சவுத் ஷீல்ட்ஸில் கடைசி வளைவுக்கு அருகில் நின்றிருந்தார். அவருக்கு வயது கூடிவிட்டது. கூட்டம் நிரம்பிய ரயிலில் வந்து சேரவே சிரமப்பட்டிருப்பார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் என்னைப் பார்க்க வந்தார் என்று எண்ணியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் இல்லாத ஆண்டுகளிலும் அவர் அதே இடத்தில் வந்து நின்றிருக்கிறார். அந்த இல்லத்தின் பெயர் எழுதிய சட்டை யார் முதுகில் தெரிந்தாலும் கை தட்டுவாராம்.

சிங்கப்பூரிலும் அறப்பணிக்காக ஓட்டங்களும் நடைகளும் ஆண்டுதோறும் நடக்கின்றன. பள்ளிகள்கூட நடத்துகின்றன. ஆனால், நாம் பெரும்பாலும் புதியவர்களை ஈர்ப்பதிலேயே கவனம் செலுத்துகிறோம். இந்த ஆண்டுக்குப் புதிய கருப்பொருள், புதிய வண்ணத்தில் சட்டை, புதிய அறநிறுவனம். பள்ளியில் ஓர் ஆண்டு முதியோர் இல்லத்துக்கும், அடுத்த ஆண்டு விலங்குகள் காப்பகத்துக்கும், அதற்கு அடுத்த ஆண்டு வேறொன்றுக்கும் திரட்டுகிறோம். எல்லாம் நல்ல நோக்கம்தான். ஆனாலும், ஒரே அமைப்போடு மூன்று நான்கு ஆண்டுகள் சேர்ந்திருந்தால் என்ன? உயர்நிலை ஒன்றில் நிதி திரட்டிய மாணவர், உயர்நிலை நான்கை முடிப்பதற்குள் அந்த இல்லத்தில் இருக்கும் தாத்தா பாட்டிகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டிருப்பார். சென்ற ஆண்டு கொடுத்த பணம் என்னவாயிற்று என்று நன்கொடையாளரிடம் சொல்லவும் அவரிடம் செய்தி இருக்கும்.

பெரிய ஓட்டங்களை ஏற்பாடு செய்பவர்களும் ஒன்று செய்யலாம். முந்தைய ஆண்டு அறப்பணிக்காக ஓடியவர்கள் மீண்டும் பதிவு செய்ய முன்வந்தால், அவர்களுக்கு முதலில் இடம் கொடுக்கலாம். கட்டணத்தில் சலுகை வேண்டியதில்லை, இடம் போதும். சென்ற ஆண்டு திரண்ட தொகை எவ்வளவு, அதைக் கொண்டு என்ன செய்யப்பட்டது என்பதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடலாம்.

உங்களில் பெரும்பாலோருக்கு 21 கிலோமீட்டர் ஓடும் வயது இன்னும் வரவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்கள் இருக்கின்றன. ஓடப் பிடிக்காதவர்களுக்குத் தண்ணீர் மேசைகள் இருக்கின்றன. அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து போக வேண்டியிருக்கும். குவளையை எப்படிப் பிடித்து நீட்டினால் ஓடுபவர் நிற்காமல் வாங்கிக்கொள்ள முடியும் என்று பழகுவதற்கே முதல் நாளில் பாதி நேரம் போய்விடும். அடுத்த ஆண்டும் அதே மேசைக்குப் போனால், எத்தனை மணிக்குக் கூட்டம் அலைமோதும், யார் தண்ணீர் வேண்டாம் என்று கையசைப்பார், யாருடைய முகத்தைப் பார்த்ததும் முதலுதவியாளரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.